புதுவீட்டுக்கு நிறம் தேடுவது: வன்னியில் முதல் வீடு கட்டுவோருக்கு

பூச்சு முடிந்து, தரைக்கு ரைல்ஸ் ஒட்டி, குடிபூரலுக்கு நாளும் பார்த்தாயிற்று. பெயின்ற் அடிக்க வந்தவர் விறாந்தையில் நின்றுகொண்டு, "அக்கா, என்ன கலர் எண்டு சொன்னீங்களெண்டால் நாளைக்கே சாமானை எடுத்திடலாம்" என்கிறார். வீட்டுக்காரர் ஆளையாள் பார்க்கிறார்கள். பிறகு நடப்பது தெரிந்ததுதான். "இப்ப எல்லாரும் இதைத்தான் எடுக்கினம்" என்று கடைக்காரர் காட்டும் நிறமோ, மகன் போனில் பிடித்து வைத்திருக்கும் எந்த நாட்டு வீட்டினதோ சாம்பல் நிறமோ சுவரில் ஏறிவிடும்.

அந்தச் சாம்பல் நிறத்தில் ஒரு பிழையும் இல்லை. வெயில் மெல்லிசாக விழும் நாட்டில், பெரிய கண்ணாடி யன்னல் வைத்த அறையில் அது அழகாகத்தான் இருந்திருக்கும். நம்முடைய அறைகளுக்குக் கம்பி போட்ட சின்ன யன்னல். வெளியே கண்கூசும் வெயில். சோளகக் காற்று தொடங்கினால் வீடு முழுக்கப் புழுதி. அதே நிறம் இங்கே வந்து சேரும்போது பூச்சோடு விட்ட சீமெந்துச் சுவராகத் தெரியும். ஆகவே என் கட்சி இதுதான்: வன்னியில் இருக்கிற வீட்டுக்கு நிறத்தை வன்னியிலேயே தேடுங்கள். முதலில் வீட்டுக்குள், பிறகு வளவுக்குள், அதற்குப் பிறகு அலுமாரிக்குள். கடைக்குப் போவது கடைசி வேலை.

மாற்ற முடியாததில் இருந்து தொடங்குங்கள்

ஒரு கொப்பியை எடுத்து, வீட்டில் இனி மாற்றப் போகாத நிறங்களை எழுதுங்கள். தரை, கூரை, கதவு நிலை, யன்னல் நிலை, ஏற்கெனவே வாங்கிவிட்ட செற்றி, கட்டில், அலுமாரி. சுவர் நிறம் இவற்றோடுதான் காலம் தள்ளப் போகிறது. பெயின்றை ஐந்தாறு வருடத்தில் மாற்றலாம். ரைல்ஸை யார் கிளப்புவார்கள்?

தரை வெள்ளை ரைல்ஸ் என்றால் அது எந்த வெள்ளை என்று பாருங்கள். ஒரு வெள்ளைக் கடதாசியைப் பக்கத்தில் வைத்தால் உடனே பிடிபடும்: ஒன்று நீலச்சாயல் அடிக்கும், இன்னொன்று மோர் நிறமாகத் தெரியும். நீலச்சாயல் தரைக்கு மேல் மஞ்சட்சாயல் சுவர் வந்தால் சுவர் ஊத்தையாகத் தெரியும். இந்தக் கடதாசி வேலையை மறக்க வேண்டாம், கடையிலும் உதவும்.

சிவப்புச் சீமெந்துத் தரை இருக்கிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். அந்தச் சிவப்போடு சண்டை பிடிக்காத நிறங்கள் ஏராளம்: குருத்தோலை நிறம், வெளிர் மஞ்சள், சாம்பல் கலந்த பச்சை. மென்சிவப்பும் ஊதாவும் மட்டும் கூடாது.

கூரைக்குச் சீலிங் அடிக்காமல் ஓடு தெரிய விட்டிருந்தால், அந்தச் செம்மஞ்சள் அறைக்குள் இறங்கும். மேலே ஓடும் கீழே செம்மண் நிறத் தரையும் இருக்கிற அறைக்கு இன்னும் ஒரு சூடான நிறம் வேண்டாம். சுவர் ஆறுதலாக இருக்கட்டும். கதவு நிலையில் முதிரை பொன்மஞ்சளாக நிற்கும், பாலை செம்பழுப்பு. வர்ணிஷ் அடித்த பிறகு இரண்டும் ஒரு படி கறுக்கும். வர்ணிஷ் வேலை முடிந்த பிறகு பார்த்துத்தான் சுவரைத் தீர்மானிக்க வேண்டும். அவசரக்காரர் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

வீட்டுத்திட்ட வீடுகளுக்கு ஒரு தனிச் சொல். 2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டக் கட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாய் கொடுத்தார்கள். அந்தக் காசில் சுவர் எழும்பிக் கூரை ஏறியதே பெரிய காரியம். நிறத்தைப் பற்றி யார் யோசித்தார்கள்? அப்படிக் கட்டிய வீடுகளில் இப்போதுதான் பலர் அறை சேர்த்து, விறாந்தை நீட்டி, முதல்முறையாக ஒழுங்காகப் பெயின்ற் அடிக்கிறார்கள். இந்த வீடுகள் சின்னவை. ஹோலில் இருந்தால் இரண்டு அறையும் குசினியும் ஒரே பார்வையில் படும். அறைக்கு ஒரு நிறம் என்று நாலு நிறம் அடித்தால் வீடு துண்டு துண்டாகிவிடும். ஒரே நிறத்தை எல்லா இடத்துக்கும் அடித்து, அறைக்குள் ஒரு சுவரை மட்டும் மாற்றுவது இப்படிப்பட்ட வீட்டுக்குப் பொருந்தும்.

வெயில் எந்தப் பக்கத்தால் வருகிறது

வீட்டின் நாலு திசையையும் கொப்பியில் கீறி, எந்த அறைக்கு எப்போது வெயில் வருகிறது என்று குறியுங்கள். கிழக்கு, மேற்கு எல்லோருக்கும் தெரியும். வடக்கும் தெற்கும்தான் ஆட்களை ஏமாற்றும். வன்னி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 9 பாகையில் இருப்பதால், ஏப்ரல் நடுப்பகுதியில் இருந்து ஆகஸ்ட் கடைசி வரை மத்தியான வெயில் வடக்குப் பக்கமாகச் சாய்ந்துதான் விழும். மிச்ச மாதங்களில் தெற்கு. ஆகவே "வடக்கு அறை குளிர்ச்சி, என்ன நிறமும் அடிக்கலாம்" என்று வெளிநாட்டுப் புத்தகங்களைப் பார்த்துச் சொல்கிறவர் பேச்சை அப்படியே எடுக்க வேண்டாம். நம்முடைய வடக்குச் சுவர் நல்ல கொதி காலத்தில்தான் வெயிலைக் காண்கிறது.

மேற்கு அறைதான் பெரிய சோதனை. பின்னேர வெயில் மஞ்சளாக வந்து சுவரில் விழும். அங்கே மஞ்சளோ செம்மஞ்சளோ அடித்தால் நாலரை மணிக்கு அறை பற்றி எரிகிற மாதிரி இருக்கும். சாம்பல் கலந்த நீலம், சாம்பல் கலந்த பச்சை அங்கே நன்றாக அடங்கும். கிழக்கு அறை இதற்கு மாறு: காலை வெயில் போனபின் நாள் முழுக்க மங்கல். அதற்கு மஞ்சட்சாயல் உள்ள வெளிர் நிறம் கொடுங்கள். முன்னுக்கு மாமரமோ வேம்போ நிற்கும் அறை எந்தத் திசையில் இருந்தாலும், இலையில் பட்டு வருகிற பச்சை வெளிச்சம்தான் உள்ளே வரும். அங்கே பச்சை அடித்தால் ஆட்களின் முகமும் பச்சை அடிக்கும். கண்ணாடி பார்க்கும் அறைக்குப் பச்சை வேண்டாம் என்பதற்கும் இதே காரணம்தான்.

வளவுக்குள் ஒரு சுற்று

இப்போதுதான் நல்ல பகுதி. ஒரு பெட்டியோ சுளகோ எடுத்துக்கொண்டு வளவைச் சுற்றி வாருங்கள். கண்ணுக்குப் பிடித்ததைப் பொறுக்குங்கள்: இலை, பட்டை, பூ, மண், கல், உதிர்ந்த கொட்டை. காலை எட்டு மணிக்கு முன்னும் பின்னேரம் ஐந்து மணிக்குப் பின்னும் பொறுக்குவது நல்லது. மத்தியான வெயில் எல்லா நிறத்தையும் வெளிறச் செய்துவிடும். பொறுக்கியதை வீட்டுக்குள் கொண்டுவந்து, எந்த அறைக்கு நிறம் தேடுகிறீர்களோ அந்த அறையிலேயே ஒரு வெள்ளைத் துணியில் பரப்புங்கள்.

வேலிப் பூவரசில் ஒரு பூவைப் பறித்துப் பார்க்கலாம். விரிந்தவுடன் வெளிர் மஞ்சள். நடுவில், இதழின் அடியில், கருஞ்சிவப்புப் பொட்டு. நேரம் போகப்போக மஞ்சள் செம்மஞ்சளாகி, வாடி விழும்போது ஊதா கலந்த சிவப்பாகிவிடும். பக்கத்திலேயே கடும்பச்சை இலை, பழுத்த மஞ்சள் இலை, சாம்பல் நிறப் பட்டை. ஒரு மரத்துக்குள் ஒரு வீட்டுக்கான நிறம் முழுக்க இருக்கிறது. அதைச் சுவருக்குக் கொண்டுபோவது எப்படி? இதழின் மஞ்சளை இன்னும் வெளிறவைத்து ஹோல் சுவருக்கு எடுங்கள். பட்டையின் சாம்பல் வெளிக்கதவுக்கோ யன்னல் கம்பிக்கோ போகலாம். இலைப் பச்சை திரைச்சீலைக்கு. அந்தக் கருஞ்சிவப்பு? பூவில் அது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பாருங்கள்: அடியில் ஒரு பொட்டு. வீட்டிலும் அவ்வளவுதான். இரண்டு குஷன் உறை, ஒரு படச்சட்டம். பூவில் அழகாக இருந்தது என்று ஒரு சுவர் முழுக்கக் கருஞ்சிவப்பு அடித்தால் பிறகு விளக்கு எத்தனை போட்டாலும் அறை வெளிக்காது.

உள்ளலங்காரம் செய்கிறவர்கள் 60, 30, 10 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: பெரும்பங்கு ஒரு நிறம், அதில் பாதியளவு இன்னொன்று, கொஞ்சூண்டு மூன்றாவது. நல்ல கணக்குத்தான். ஆனால் அளவுகோல் வைத்துப் பார்க்கத் தேவையில்லை. பூவைப் பார்த்தாலே அளவு தெரியும்.

பனை இன்னொரு கருவூலம். பச்சை ஓலையில் சாம்பல் பூத்த ஒரு பச்சை இருக்கிறது, அது எந்தப் படுக்கையறைக்கும் ஒத்துவரும். காய்ந்த ஓலை வைக்கோல் நிறம். விரியாத குருத்தோலையின் நிறம் தந்தமும் இல்லை, மஞ்சளும் இல்லை. பெட்டி இழைக்கிறவர்கள் வீட்டில் காயப்போட்டிருப்பார்கள், ஒரு சார்வோலைத் துண்டு கேட்டு வாங்குங்கள். வெறும் வெள்ளை அடிக்க நினைக்கிற ஒவ்வொருவருக்கும் நான் முதலில் இந்த நிறத்தைத்தான் சொல்வேன். புழுதியை மறைக்கும், கண்ணைக் குத்தாது, எந்த மரநிறத்தோடும் போகும். பனம்பழத்தின் கறுப்பும் உள்ளே இருக்கும் செம்மஞ்சளும் சேர்ந்தால் கண்ணைப் பறிக்கும்தான், ஆனால் அது ஒரு மேசைவிரிப்புக்குப் போதும்.

மண்ணை விட வேண்டாம். வவுனியா, செட்டிகுளம் பக்கம் செம்பழுப்பு. வயற்கரையில் சாம்பல் களி. முல்லைத்தீவுக் கரையில் வெளிர் மணல். உங்கள் வளவு மண்ணில் ஒரு பிடி எடுத்து, காய்ந்ததாக ஒன்று, நனைத்ததாக ஒன்று வையுங்கள். மண் நிறத்துக்கு ஒரு பெரிய வசதி உண்டு. காவி, செம்மண், மஞ்சள் மண் நிறங்களைத் தருவது இரும்பு ஒக்சைட்டு. வெயிலில் அது லேசில் மங்காது. பளீரென்ற மென்சிவப்பு, கத்தரிப்பூ, எலுமிச்சை மஞ்சள் போன்றவற்றில் பலவும் வெயில் படும் வெளிச்சுவரில் வெளிறிப்போகும். கொதி வெயிலுக்குள் நிற்கும் வீட்டுக்கு வெளியே மண்ணும் கல்லும் சார்ந்த நிறம் எடுப்பவர் அடிக்கடி பெயின்ற் வாங்க மாட்டார்.

வளவைத் தாண்டினால் வயல் இருக்கிறது, குளம் இருக்கிறது. மார்கழி வயலின் பச்சையைப் பார்த்து மயங்காதவர் யார்? ஆனால் அந்தப் பச்சை வெளியில் நிற்க வேண்டிய பச்சை. நாலு சுவருக்குள் அடைத்தால் கத்தும். காலபோக அறுவடை முடிந்த பிறகு கிடக்கிற ஒட்டுத்தாள் நிறம், வைக்கோல் நிறம், இவைதான் சுவருக்கு. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் எந்தக் குளக்கட்டானாலும் காலையில் ஏறி நின்று தண்ணீரைப் பாருங்கள். குளத்துத் தண்ணீரை நீலம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். காலையில் அது நீலம் கொஞ்சம் கலந்த சாம்பல். மேற்கு அறைக்கு நான் சொன்ன நிறம் அதுதான்.

ஒரு விசயம். ஆடியில் பார்த்த வளவு வேறு, கார்த்திகையில் பார்க்கிற வளவு வேறு. காய்ந்த காலத்தில் யன்னலுக்கு வெளியே எல்லாம் மண்ணிறம், மழை வந்தால் எல்லாம் பச்சை. வீட்டு நிறம் இரண்டுக்கும் பொருந்த வேண்டும். முடிந்தால் இரண்டு காலத்திலும் ஒவ்வொரு முறை சுற்றுங்கள். அவசரம் என்றால், மற்றக் காலத்தில் எடுத்த படங்களையாவது போனில் தேடிப் பாருங்கள்.

அலுமாரியும் அம்மம்மாவும்

வீட்டில் நிறக் கணக்கு நன்றாகத் தெரிந்தவர்கள் சேலை எடுக்கிற பெண்கள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒன்று, அதற்குள் ஓடும் சரிகை. கூறைச்சேலையைத் தள்ளிவையுங்கள், அது கல்யாண நாளுக்கான நிறம். பத்து வருடமாக உடுத்தும் அலுக்காத சேலை ஒன்று எல்லோரிடமும் இருக்கும். அதை எடுத்துக் கட்டிலில் விரித்துப் பாருங்கள். உடல் நிறத்தை வெளிறவைத்தால் சுவர், கரை நிறம் கதவுக்கு, சரிகை அளவில் ஒரு சின்ன மினுக்கம். ஆண்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்தவர்தான் பிறகு சாரத்தின் கட்டத்தைப் பார்த்து விறாந்தைக்கு நிறம் சொல்வார்.

பனையோலைப் பெட்டிகளில் சாயம் போட்டுப் பின்னுகிற கடும் மென்சிவப்பும் பச்சையும் வன்னி வீடுகளில் எங்கும் கிடக்கும். அந்த நிறங்களைச் சுவருக்கு எடுக்க வேண்டாம். வெளிர்ச் சுவரில் அந்தப் பெட்டியையே மாட்டினால் போதும்.

அடுத்தது, வீட்டில் உள்ள மூத்தவர்களிடம் கேளுங்கள். 2009க்குப் பிறகு திரும்பி வந்து கட்டிய வீடுகளில் பழைய வீட்டின் ஒரு படம்கூட மிஞ்சியிருக்காது. ஆனால் "அம்மம்மா, உங்கட பழைய வீட்டுக் கதவு என்ன நிறம்?" என்று கேட்டுப் பாருங்கள், உடனே சொல்லுவா. பச்சை எனாமல் அடித்த யன்னல், நீலம் கலந்து வெள்ளையடித்த சுவர், சாணி மெழுகின திண்ணை என்று ஒவ்வொன்றாக வரும். சுண்ணாம்பில் துளி நீலம் கலந்தால் சுவர் பளிச்சென்று தெரியும் என்பது அந்தக் காலத்துக் கைவினை. அதே நிறத்தை இப்போது பெயின்ற்றில் எடுக்கலாம். பழைய வீட்டை அப்படியே திரும்பக் கட்டத் தேவையில்லை. முன்கதவு ஒன்றுக்கு மட்டும் அந்தப் பச்சை வந்தாலும் அவவுக்குப் போதும்.

பிள்ளைகளிடமும் கேளுங்கள், ஆனால் எல்லையோடு. ஒரு சுவர், அல்லது மேசையும் புத்தகத் தட்டும். அறை முழுக்க என்று வாக்குக் கொடுத்தால் எட்டு வயதில் கேட்ட நிறத்தோடு பதினாறு வயதில் குடியிருக்க வேண்டி வரும்.

கடைக்குப் போகும்போது

இலையையும் துணியையும் கையோடு கொண்டு போங்கள். படம் எடுத்துப் போகாதீர்கள். போன் கமரா வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைத் தானாகத் திருத்திவிடும். திரையில் தெரிகிற நிறமும் போனுக்குப் போன் மாறும். கலர் அட்டையைக் கடைக்குள் இருக்கிற லைற் வெளிச்சத்தில் பார்த்து முடிவு எடுக்க வேண்டாம். "அண்ணை, ஒருக்கா வெளியில கொண்டுபோய்ப் பார்த்திட்டுத் தாறன்" என்று சொல்லி வாசலுக்கு வாருங்கள். வேண்டாம் என்று எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார்.

பிடித்த நிறத்துக்குப் பக்கத்தில் வெள்ளைக் கடதாசியை வையுங்கள், சாயல் தெரியும். பிறகு அதே வரிசையில் ஒன்றிரண்டு படி வெளிறிய நிறத்தை எடுங்கள். கையளவு அட்டையில் பார்ப்பதைவிடச் சுவரில் நிறம் எப்போதும் கடுமையாகத்தான் தெரியும். ஒரு சுவரில் பட்ட வெளிச்சம் எதிர்ச்சுவருக்குப் போய், அங்கிருந்து நிறத்தோடு திரும்பி வரும். நாலு சுவரும் ஒன்றையொன்று ஏற்றிவிடும். அட்டையில் "கொஞ்சம் சோம்பலாக இருக்கே" என்று தோன்றும் நிறம்தான் அறையில் சரியாக வரும்.

மினுக்கத்தையும் இப்போதே கேட்டு வையுங்கள். மினுக்கமில்லாத பெயின்ற் பூச்சில் உள்ள மேடு பள்ளத்தை மறைக்கும், ஆனால் கை அழுக்கைக் கழுவுவது கஷ்டம். மினுங்குகிறது கழுவலாம், ஆனால் மேசன் விட்ட குறை எல்லாம் பின்னேர வெயிலில் தெரியும். ஹோலுக்கும் அறைக்கும் முதலாவது அல்லது அரைமினுக்கம், குசினிக்கு இரண்டாவது.

சுவருக்கு முன் அட்டை

இந்த ஒரு படியை விட்டுவிட்டுத்தான் பலர் அகப்படுகிறார்கள். தெரிந்தெடுத்த இரண்டு மூன்று நிறத்தில் ஆகச் சின்ன டின் வாங்குங்கள். வீணென்று நினைக்க வேண்டாம், மிஞ்சியதைப் பூச்சாடிக்கு அடிக்கலாம். தடித்த வெள்ளை மட்டையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒன்று, இரண்டரை அடிக்கு இரண்டடி அளவில், இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். ஈரத்தில் பார்த்து முடிவு சொல்லாதீர்கள். சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் பெயின்ற் காயும்போது பெரும்பாலும் ஒரு படி கறுக்கும். விளிம்பைச் சுற்றி ஓரங்குலம் வெள்ளையாக விட்டால், பழைய சுவர் நிறம் குறுக்கே வந்து கண்ணை ஏமாற்றாது.

சுவரில் நேரே அடித்துப் பார்ப்பதைவிட மட்டை நல்லது. ஏனென்றால் அதைத் தூக்கிக்கொண்டு போகலாம். யன்னலுக்கு எதிர்ச்சுவரில் வைத்துப் பாருங்கள், யன்னல் இருக்கிற அதே சுவரிலும் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நிறம் என்று நம்ப மாட்டீர்கள். யன்னல் பக்கச் சுவருக்கு வெளிச்சம் படாது, எப்போதும் ஒரு படி இருட்டு. மூலையில் இரண்டு மட்டையை மடக்கி வைத்தால் சுவரும் சுவரும் சேரும் இடத்தில் நிறம் எப்படி ஏறுகிறது என்று தெரியும். கதவு நிலைக்குப் பக்கத்தில், தரையோடு, திரைச்சீலைக்குக் கீழே என்று எல்லா இடத்திலும் வையுங்கள். காலை, மத்தியானம், பின்னேரம், இரவு.

இரவை முக்கியமாகப் பாருங்கள். வேலைக்குப் போய் வருகிற குடும்பம் வீட்டு நிறத்தைப் பெரும்பாலும் பல்ப் வெளிச்சத்தில்தான் காண்கிறது. எல்ஈடி பல்ப் பெட்டியில், வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் கணக்கு இருக்கும். 6500 என்றால் நீலச்சாயலுள்ள வெள்ளை. நம் கடைகளில் நிறைய விற்பது அதுதான். 3000க்குக் கிட்ட என்றால் மஞ்சட்சாயல். குருத்தோலை நிறம் 6500இல் செத்துப்போகும், 3000இல் உயிர்வரும். சாம்பல் நீலம் இதற்கு எதிர். சில வேளை சுவரை மாற்றத் தேவையில்லை, பல்பை மாற்றினால் போதும். பெயின்றைவிட மலிவு.

இரண்டு நிறம் சேருமா என்று குழப்பமாக இருந்தால் மட்டை இரண்டையும் சேர்த்து வைத்துப் போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். படத்தில் இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், ஒன்றில் இருந்து மற்றது எழும்பித் தெரியாது. ஒன்றை இன்னும் வெளிறவையுங்கள். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தாலும் இதே விடை வரும்.

ஒரு கிழமை மட்டைகள் வீட்டில் கிடக்கட்டும். வருகிற போகிற சொந்தக்காரர் எல்லாம் ஒரு கருத்துச் சொல்வார்கள். கேளுங்கள், தேத்தண்ணி கொடுத்து அனுப்புங்கள்.

வெளிச்சுவர்

வெளியே பளிச்சென்ற வெள்ளை வேண்டாம் என்பேன். ஆவணி மத்தியானம் முற்றத்தில் நின்று வீட்டைப் பார்க்க முடியாது. மழைக் காலத்தில் வடகிழக்கால் சாரல் அடித்து வடக்கு, கிழக்குச் சுவரில் பாசி பிடிக்கும். வெள்ளையில் அது முகத்தில் அடிக்கிற மாதிரித் தெரியும். கடும் நிறமும் வேண்டாம், சூட்டை இழுக்கும். சீற் கூரை போட்ட வீட்டுக்கு அது இரட்டைத் தண்டனை. குருத்தோலை, வைக்கோல், வெளிர் மண், சந்தனம் என்று இடையில் நிற்கிற நிறங்களே வன்னிக்கு.

இன்னொன்று செம்மண் வளவுக்காரர் மறக்கக் கூடாதது. தாழ்வாரத்தால் விழும் மழைத் தண்ணீர் நிலத்தில் பட்டு மண்ணோடு தெறித்து, சுவரின் அடியில் இரண்டடிக்குச் சிவப்புக் கரை கட்டும். எத்தனை தரம் கழுவினாலும் சாயல் போகாது. அடியில் இரண்டரை அடி உயரத்துக்கு ஒரு பட்டை விட்டு, அதை உங்கள் வளவு மண்ணின் நிறத்திலேயே அடித்துவிடுங்கள். நனைத்து வைத்த மண் பிடிக்குக் கிட்டவான நிறம் எடுத்தால் தெறித்ததே தெரியாது. பழைய திண்ணை வீடுகளின் அடியில் காவிப் பட்டை ஓடியது வெறும் அழகுக்கு இல்லை.

அடிக்கும் முன்

புதுப் பூச்சுக்கு மேல் உடனே பெயின்ற் அடிக்காதீர்கள். குறைந்தது 28 நாள் காய வேண்டும், மழைக் காலம் என்றால் இன்னும் கூட. ஈரம் இருக்கிறதா என்று பார்க்க, ஓரடிச் சதுரப் பொலித்தீன் துண்டைச் சுவரில் நாலு பக்கமும் ரேப் போட்டு ஒட்டி ஒரு இரவு விடுங்கள். காலையில் உள்ளே வியர்த்திருந்தால் பொறுக்க வேண்டும். சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் காய்ந்த தும்புத் தடியால் தேய்த்து எடுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்பச் சுவருக்குள் போகும். அதற்கு மேல் சீமெந்துச் சுவருக்கான அண்டர்கோட், அதாவது நிறத்துக்கு முன் அடிக்கும் வெள்ளை அடிப்பூச்சு. குடிபூரல் நாள் நெருங்குகிறது என்று இதில் அவசரப்பட்டால், ஆசைப்பட்டுத் தேடிய நிறம் அடுத்த மழைக்குள் தட்டுத் தட்டாகக் கழரும். நாள் பிந்தாது என்றால் அண்டர்கோட்டோடு குடிபூருங்கள், வெள்ளைச் சுவரில் மாவிலைத் தோரணம் நன்றாகத்தான் இருக்கும்.

அளவுக்கு ஒரு கணக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம்: சுற்றளவு 44 அடி, ஆகவே 440 சதுர அடி. கதவும் இரண்டு யன்னலும் கழித்தால் 390க்குக் கிட்ட. இரண்டு கோட் என்றால் 780. ஒரு லீற்றர் ஏறத்தாழ 100 சதுர அடிக்கு ஒரு கோட் பிடிக்கும், ஆக 8 லீற்றர்; 4 லீற்றர் டின் இரண்டு. சொரசொரப்பான சுவர் இன்னும் குடிக்கும். டின்னில் எழுதியிருக்கும் கணக்கையும் ஒருக்கால் பாருங்கள்.

ஒரு அறைக்குத் தேவையானதை ஒரே தடவையில் வாங்குங்கள். மெஷினில் கலக்கும் நிறம் கலவைக்குக் கலவை மயிரிழை மாறலாம். அதனால் எல்லா டின்னையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். பாதிச் சுவரில் டின் முடிந்து புது டின் உடைக்கிற வேலை வேண்டாம். கலவை இலக்கத்தை டின் மூடியிலும் கொப்பியிலும் எழுதி, எந்த அறை, எந்த மாதம் என்றும் குறித்து வையுங்கள். மிஞ்சியதை ஒரு சின்னப் போத்தலில் நிரம்ப ஊற்றி, இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வைத்தால் தைப்பொங்கலுக்கு முதல் கதவடியில் கைபட்ட இடத்தையும் அலுமாரி உரசிய இடத்தையும் தொட்டுவிட உதவும்.